பிள்ளை பெயரில் எழுதினால் மட்டும் போதுமா?

"பிள்ளைங்க பேரைத்தான் நாமினியா போட்டிருக்கேனே, அப்புறம் என்ன?" தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களிடம் உயில் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். 9 வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பணம் வரலாம். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க அந்தப் பிள்ளையால் முடியாது. பெரியவர் ஒருவர் வாங்கி வைத்து, டியூஷனுக்கும் மருந்துக்கும் எடுத்துக் கொடுத்து, கணக்கு வைத்து, பிள்ளை வளர்ந்த பிறகு மிச்சத்தை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்று நாம் எழுதி வைக்காவிட்டால் சட்டமே ஒருவரைக் காட்டும். நாம் யாரைப் பிரிந்து வந்தோமோ, பல நேரங்களில் அவரையே காட்டும்.

நான் மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9. விவாகரத்து ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன. நான் வழக்கறிஞர் இல்லை. என் வீட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தபோது தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இதெல்லாம் இஸ்லாமியர் அல்லாதவர்களுக்குப் பொருந்தும். பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு ஃபராயிட் (வாரிசுப் பங்கீடு), வசியத் (உயில்), ஹிபா (கொடை) என்று வேறு வழி. இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) நாமினி என்பவர்கூட அவர்களுக்குப் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்தான். அதற்கு ஷரியா சட்டம் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

பிறை என்ற ஊரில் எங்களுக்குப் பழக்கமான ஓர் அக்கா இருந்தார். கணவரைப் பிரிந்து பல வருடங்களாக இரண்டு பிள்ளைகளோடும் வயதான அம்மாவோடும் தனியாக இருந்தார். விவாகரத்துக்குப் போகவில்லை. "எதுக்கும்மா கோர்ட்டு கேசுன்னு, அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். புற்றுநோய் வந்து சீக்கிரமே போய்விட்டார். உயில் எழுதவில்லை. இபிஎஃப் நாமினி கல்யாணமான புதிதில் போட்ட கணவர் பெயர், அப்படியே இருந்தது. அந்தப் பணம் அவருக்குப் போனது. அவர் ஏமாற்றி வாங்கவில்லை. இஸ்லாமியர் அல்லாதவர் விஷயத்தில் நாமினிக்கு வரும் இபிஎஃப் பணம் அவருக்கே சொந்தம். பிரிந்து வாழ்ந்ததாலோ விவாகரத்து ஆனதாலோ அந்தப் பெயர் தானாக அழிந்துவிடாது. நாம் போய் மாற்றினால்தான் மாறும்.

வீட்டுக் கதை அதைவிடச் சிக்கல். உயில் இல்லாமல் இறந்தால் சொத்து யாருக்கு எவ்வளவு என்பதை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் முடிவு செய்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் சட்டக் கண்ணுக்கு அவர் கணவர்தான். அக்காவின் வீட்டு விவகாரம் பெஜாபாட் தானாவுக்கு, அதாவது நில அலுவலகத்துக்கு, போனது. அங்கே விசாரணை நடத்த எல்லா வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். கணவர் ஜோகூர் பக்கம் எங்கேயோ இருந்தார். பாட்டி முட்டி வலியோடு அலுவலகப் படி ஏறி இறங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை, உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குடும்பம் பட்ட பாட்டில் பெரும்பகுதி சில காகிதங்கள் இல்லாததால் வந்தது.

விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறோம், தீர்ப்பும் வந்துவிட்டது என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வருவது டிக்ரீ நைசை என்ற இடைக்காலத் தீர்ப்பு. சாதாரணமாக மூன்று மாதம் கழித்து அது டிக்ரீ அப்சலூட், அதாவது இறுதித் தீர்ப்பு, ஆகும்போதுதான் திருமணம் சட்டப்படி முறிகிறது. இடைப்பட்ட நாளில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் இன்னும் கணவர், இன்னும் வாரிசு. அதனால் "எல்லாம் முடியட்டும், அப்புறம் உயில் எழுதலாம்" என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழக்குத் தொடங்கும்போதே எழுதிவிடலாம். மலேசியாவில் திருமணம் செய்தால் பழைய உயில் செல்லாமல் போகும். விவாகரத்தால் போகாது. முன்னாள் கணவர் பெயரை உயிலில் எழுதியிருந்தால் விவாகரத்துக்குப் பிறகும் அது அப்படியே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விவாகரத்து முழுமையாக முடிந்து, உயிலும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, உயிரோடு இருக்கும் நம் பெற்றோருக்கு மூன்றில் ஒன்று. பரவாயில்லையே என்று தோன்றும். என் அம்மா ஒரு காசைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் பெயருக்குப் போன பங்கு, அவர் காலத்துக்குப் பிறகு என் அண்ணன் தம்பி எல்லாருக்கும் பிரியும். வீட்டில் மூன்றில் ஒரு பகுதி அப்படிச் சிதறினால் என் பிள்ளைகள் அந்த வீட்டில் எப்படி இருப்பார்கள்? நீதிமன்றத்துக்குப் போகிற சொத்தாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. வாரிசுகளில் சிறு பிள்ளை இருக்கும்போது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகப் பத்திரத்தைத் தனி ஒருவர் பெயரில் கொடுக்க மாட்டார்கள். குறைந்தது இருவர் வேண்டும், இல்லையென்றால் அறங்காவல் நிறுவனம் ஒன்று வேண்டும். துக்க வீட்டில் அந்த இரண்டு பேர் யார் என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

சரி, இனி காப்புறுதி. என்னைப் பொறுத்தவரை இந்த முழு விஷயத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத இடம் இதுதான்.

என் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்துப் பார்த்தபோது நாமினி பகுதியில் இரண்டு பிள்ளைகளின் பெயரும், மைகிட், மைகார்டு அடையாள அட்டை எண்களும், ஆளுக்கு 50 விழுக்காடு என்பதும் சுத்தமாக இருந்தன. அதற்குக் கீழே டிரஸ்டி, அதாவது பிள்ளைக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், என்று ஒரு கட்டம். அதில் குறுக்காக ஒரு கோடு. ஏஜெண்ட் போட்ட கோடு. எனக்குப் போட்டது மட்டும் இல்லை, அலுவலகத்தில் என்னோடு இருக்கும் இரண்டு தனித்தாய்மார்களைப் பார்க்கச் சொன்னேன், அவர்கள் பத்திரத்திலும் அந்தக் கட்டம் காலி.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் இதற்கான விதி இருக்கிறது. கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால் அந்தக் காப்புறுதி அறக்கட்டளைப் பாலிசி ஆகிவிடும். நம் துணையும் பிள்ளையும் இல்லாதபோது பெற்றோரைப் போட்டாலும் அப்படித்தான். அந்தப் பணம் நம் சொத்துக்கணக்கில் சேராது, நம் கடன்காரர்களும் அதைத் தொட முடியாது. இது பெரிய நன்மை. ஆனால் நாமினி சிறு பிள்ளையாக இருந்து, நாம் டிரஸ்டி யாரையும் நியமிக்கவில்லை என்றால், பிள்ளையின் பெற்றோர்தான் டிரஸ்டி. நாம் போன பிறகு இருக்கும் பெற்றோர் யார்? முன்னாள் கணவர். பல வருடங்களாகப் பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவராக இருந்தாலும், பிள்ளைக்கான பணத்தைப் பெற்று வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வந்துவிடும். டிரஸ்டி பணத்தைப் பிள்ளைக்காகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அதை யார் போய்க் கேட்பது?

இதைத் தவிர்க்க ஒரு படிவம் போதும். எழுத்து மூலமாகக் காப்புறுதி நிறுவனத்திடம் டிரஸ்டி நியமனம் கொடுத்தால் முடிந்தது. நான் இரண்டு பேரைப் போட்டேன், ஒருவரே தனியாக முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காக. போடும்முன் நன்றாக யோசிக்க வேண்டும். அறக்கட்டளைப் பாலிசியில் டிரஸ்டியின் சம்மதம் இல்லாமல் நாமினியை நீக்கவோ பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் எடுக்கவோ நம்மால் முடியாது. நினைத்தால் மாற்றலாம் என்ற சுதந்திரம் குறையும். பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. வேறு சிலர் தங்கையையோ சிநேகிதியையோ நாமினியாகப் போட்டு "நீ பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு" என்கிறார்கள். காப்புறுதியில் அப்படி வரும் நாமினி பணத்தைச் சொத்தை நிர்வகிப்பவராகத்தான் வாங்குகிறார். அது உயிலோடும் கடனோடும் கலந்துபோகும்.

இபிஎஃப்பில் அதே ஏற்பாடு வேறு மாதிரி வேலை செய்யும். தங்கை பெயரைப் போட்டால் பணம் தங்கையுடையது. அவள் நல்லவள், கொடுப்பாள். அவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் அங்கே பிள்ளைகள் பெயரையே போட்டேன். மைகார்டும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொண்டு போனேன். பழைய நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு முன்பே போட்ட பெயர்கள் பலருக்கு மறந்தே போயிருக்கும். உயிலில் எழுதி இபிஎஃப் நாமினியை மாற்ற முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் தனித்தனி வழி.

உயிலில் பணத்தைவிடக் கடினமான பகுதி பாதுகாவலர் நியமனம். 1961ஆம் ஆண்டு பிள்ளைகள் பாதுகாவலர் சட்டப்படி அப்பாவோ அம்மாவோ உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் நான் நியமிப்பதால் பிள்ளைகளின் அப்பா காணாமல் போய்விட மாட்டார். உயிரோடு இருக்கும் பெற்றோரும், நான் நியமித்தவரும் சேர்ந்துதான் பாதுகாவலர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்து முடிவு செய்யும். ஆகவே உயிலில் பெயர் எழுதியதோடு அப்பாவைத் தள்ளிவைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்வது சரியில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நம் விருப்பம் என்ன என்பதே யாருக்கும் தெரியாது.

யாரைப் போடுவது என்று நினைத்தபோது எல்லாரும் சொன்னது என் தம்பியை. சுங்கை பட்டாணியில் இருக்கிறான், பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருக்கிறான். பேச்செடுத்ததும், "ஏன்க்கா இப்ப இதெல்லாம், வாயைக் கழுவுங்க" என்றான். பிறகு தானே சொன்னான், "பிள்ளைங்கள நான் பாத்துக்குவேன். காசு மட்டும் என்கிட்ட குடுக்காதீங்க. கடை நிலவரம் உங்களுக்கே தெரியும்ல." அவ்வளவு நேர்மையாகப் பேசியவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. வியாபாரத்தில் கடன் இருக்கும் மனிதரிடம் பிள்ளைகளின் பணத்தைக் கொடுத்து வைப்பது அவருக்கும் சோதனைதான்.

அங்கேதான் எனக்குத் தெளிவு பிறந்தது. பிள்ளையை வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒருவர் கையில் மட்டும் இல்லாமல் இருப்பதே நல்லது. சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கிளினிக் கூட்டிப்போய், பரீட்சைக்கு எழுப்பிவிடும் கை வேறு. ரசீது கேட்கும் கை வேறு. பாதுகாவலராகப் பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கையைப் போட்டேன். மகனுக்குத் தமிழ்ப்பள்ளி மாறினாலும் பாலம் தாண்டினால் பாட்டி வீடு. மகளுக்கு அவளோடு மனசு விட்டுப் பேசவரும். பதில் ஆளாகத் தம்பி. பணத்துக்கு டிரஸ்டியாகப் பெரியப்பா மகன், ஆசிரியராக இருப்பவர், கணக்கில் கறார். அவரோடு தங்கையும். மூவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசினேன். கேட்காமல் பெயரை எழுதிவிடக் கூடாது. உயிலில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காகத்தான் பதில் ஆளும் வேண்டும்.

மகளிடமும் சொன்னேன். 15 வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று அம்மாவுக்குத் தயக்கம். எனக்கு இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "தம்பியும் நானும் ஒரே வீட்லதானம்மா இருப்போம்?" அந்த வரியை உயிலோடு வைத்த கடிதத்தில் அப்படியே எழுதிவிட்டேன்.

பிள்ளைகளின் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாதுகாப்புப் பிரச்சனை இருந்தால், அடி உதை என்று வந்தவர்கள் என்றால், வழக்கறிஞரிடம் கேட்காமல் வாயே திறக்க வேண்டாம். எங்களுக்குள் அப்படி எதுவும் இல்லை. மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்கள நான் பாக்க வர்றத யாரும் தடுக்கக் கூடாது, அது போதும்" என்றார். நியாயமான வார்த்தை. அதையும் கடிதத்தில் சேர்த்தேன். பின்னால் நீதிமன்றம் வரை போகாமல் இருக்க இந்த மாதிரிப் பேச்சு உதவும் என்று நம்புகிறேன்.

உயில் எழுதுவதே சுலபம்தான். 18 வயது தாண்டியவர் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும். நாம் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடவே இருந்து பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சியோ சாட்சியின் கணவன் மனைவியோ உயிலில் பங்கு பெறுபவராக இருந்தால் அந்தப் பங்கு போய்விடும். தங்கைக்கு ஒரு சங்கிலி எழுதிவிட்டு அவள் கணவரைச் சாட்சியாகப் போட்டால் சங்கிலி கிடைக்காது. அலுவலகத் தோழிகள் இருவரைக் கூட்டிப்போனேன், முடிந்தது. நான் வழக்கறிஞர் வழியாகச் செய்தேன். அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவிலும் உயில் எழுதி வைக்கலாம். கையில் காசு குறைவு என்றால் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் வருமானத் தகுதியைக் கேட்டுப் பாருங்கள். மரண வரிக்கு யாரும் பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் அது 1991 நவம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

உயிலுக்குள் பிள்ளைகளின் பங்கை அறக்கட்டளையாக எழுதச் சொன்னேன். படிப்பு, மருத்துவம், சாப்பாடு, வீட்டுத் தவணை இதற்கெல்லாம் டிரஸ்டிகள் எடுக்கலாம், மிச்சம் அவரவர்க்கு 23 வயதில். 18 வயதில் பெரிய தொகையைக் கையில் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிப்பு முடியட்டும். வீட்டுக் கடனுக்கு எம்ஆர்டிஏ, அதாவது நாம் இறந்தால் கடனை அடைக்கும் காப்புறுதி, இருக்கிறதா, கடன் முழுவதையும் அது மூடுமா என்று வங்கியில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். இடையில் கடனை மறுசீரமைப்புச் செய்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் சமூகத்தில் இது இன்னும் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் இஸ்லாமியர் அல்லாதவர்களின் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கு உயில் இல்லாத சொத்தில் உரிமை பலவீனமானது. சட்டப்படியான பிள்ளை வேறு யாரும் இல்லாதபோது தாயின் சொத்து அந்தப் பிள்ளைக்கு வரும். முதல் திருமணத்தில் பதிவோடு பிறந்த பிள்ளை இருந்தால் இரண்டாவது பிள்ளை வெளியே நிற்கும். இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள். இதைச் சரிசெய்ய உயில்தான் நேரான வழி. அதிலும் "என் பிள்ளைகள்" என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொருவர் பெயரும் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் போட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு மறுமணம் செய்தால், பதிவு நடந்த அன்றே பழைய உயில் செல்லாமல் போய்விடும். அந்தத் திருமணத்தை மனதில் வைத்தே எழுதியதாக உயிலில் குறிப்பிட்டிருந்தால்தான் நிற்கும்.

நான் சொன்ன கடிதம் சட்டக் காகிதம் இல்லை. ஆனால் தங்கைக்கு முதல் வாரத்தில் தேவைப்படுவது அதுதான். மகனின் இன்ஹேலர் எது, எத்தனை முறை, எந்தக் கிளினிக்கில் அவன் கார்டு. இரவில் மழை இடி என்றால் அக்கா அறையில் படுத்துக்கொள்வான், திட்ட வேண்டாம். மகள் கணக்குப் பாடத்துக்கு யாரிடம் போகிறாள். எந்த வங்கி, எந்த பாலிசி, வீட்டுப் பத்திரம் எந்தக் கோப்பில். வேலை செய்பவர்கள் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எண்ணையும் எழுதி வையுங்கள். நாம் சந்தா கட்டியிருந்தால் திருமணமாகாத பிள்ளைக்கு 21 வயது வரை உதவித்தொகை கேட்க வழி உண்டு. கேட்கத் தெரியாமல் விடுபவர்கள் அதிகம். உயிலின் அசல் வழக்கறிஞரிடம், நகலும் கடிதமும் தங்கையிடம், எங்கே இருக்கிறது என்ற விவரம் டிரஸ்டிகள் இருவரிடமும்.

மகளுக்கு 18 ஆகும்போது எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். காப்புறுதியில் அவளுடைய பாதிக்கு அப்போது டிரஸ்டியின் தேவை மாறும். மகன் பங்கைப் பார்த்துக்கொள்ள அவளையும் ஒரு டிரஸ்டியாகச் சேர்க்கலாமா என்று பெரியப்பா மகனிடம் கேட்டேன். "முதல்ல பிள்ளை படிச்சு முடிக்கட்டும்மா, அந்தச் சுமைய இப்பவே அது தலையில வைக்க வேணாம்" என்றார் அண்ணன். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.